வெட்டவா? விடவா?

1. பேருந்து நிறுத்தத்து மாமரம்

பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கொஞ்ச தூரம் போனால் களியக்காவிளை. இந்தப் பக்கம் கேரளம். அந்தப் பக்கம் தமிழ்நாடு.

1956 நவம்பர் 1-ஆம் நாள் இந்த எல்லை வந்தது. கல்குளம், விளவங்கோடு முதலிய தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அதனால் இங்கே பல வீடுகளில் பேச்சு தமிழ். அலுவலகத்தில் மலையாளம்.

எல்லை மனிதர்களுக்குத்தான். காற்றுக்கும் வெயிலுக்கும் எல்லை கிடையாது.

ஊரின் பேருந்து நிறுத்தத்தில் ஒரு நாட்டு மாமரம் நிற்கிறது. மிகவும் பழைய மரம். அதை வெட்ட வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். வெட்டிய இடத்தில் தகரக் கூரை போட்ட நிழற்குடை கட்டலாம் என்றார்கள். வெட்டக்கூடாது என்று சிலர் சொன்னார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை கிராம சபை. அங்கே முடிவு எடுக்க வேண்டும்.

அன்று மாலை தொடர்கல்வி மையத்திலும் இதே பேச்சு. மையத்தை நடத்தும் பிரேரக்கை எல்லோரும் டீச்சர் என்றே அழைப்பார்கள்.

வாழைத் தோட்டக்கார அண்ணன் முதலில் பேசினார்.

"டீச்சரே, ஒக்கி புயல் நினைவிருக்கிறதா? முந்நூறு மூடு ஏத்தன் வாழை போட்டிருந்தேன். குலை தள்ளிய வாழை. ஒரே நாளில் எல்லாம் படுத்துவிட்டது. என் அடுத்த வீட்டின் மேல் மரம் விழுந்தது. இந்த மாமரமும் ஒருநாள் யார் தலையிலாவது விழும். வெட்டத்தான் வேண்டும்."

மீன் விற்கும் அக்கா உடனே எழுந்தார்.

"அண்ணே, நீங்கள் சொல்வது சரி. ஆனால் நான் மீன் சருவத்தோடு உட்காருவது அந்த மரத்தடியில்தான். காலை பத்து மணி முதல் இரண்டு மணி வரை அங்கேதான் இருப்பேன். மரம் போனால் நான் வெயிலில் வாட வேண்டும். போன மாசியில் என்னோடு வந்தவள் ரோட்டிலேயே மயங்கி விழுந்தாள். மரம் விழுந்தால்தான் சாவா? வெயிலில் விழுந்தால் சாவு இல்லையா?"

மையத்தில் யாரும் பேசவில்லை. இருவர் சொல்வதிலும் உண்மை இருந்தது.

மூலையில் இருந்த பாட்டா கேட்டார். "டீச்சரே, இரண்டு பக்கமும் உயிர்ப் பயம். எந்தப் பயம் பெரிது என்று எப்படி அறிவது?"

டீச்சர் சொன்னார். "பாட்டா, முதலில் காற்றைப் பார்ப்போம். பிறகு வெயிலைப் பார்ப்போம். பிறகு இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம்."

2. காற்றின் திடீர் வீச்சு

ஒக்கி புயல் 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் குமரிமுனைக்குத் தெற்கே கடலில் கடந்து போனது. கடலில் போன மீனவர்கள் பலர் திரும்பவில்லை. கரையிலும் ரப்பரும் வாழையும் சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன.

புயல் கரையைத் தொடவில்லை. பின் ஏன் இத்தனை மரங்கள் விழுந்தன?

காற்று எப்போதும் ஒரே சீராக வீசுவதில்லை. கொஞ்ச நேரம் மெல்ல வீசும். திடீரென்று ஒரு வீச்சு வரும். சில நொடிகள்தான். பிறகு அடங்கும். மரத்தை முறிப்பது பெரும்பாலும் அந்தத் திடீர் வீச்சுதான்.

டீச்சர் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டார்.

ஒரு காற்றை 10 முறை அளக்கிறோம். 9 முறை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம். ஒரே ஒரு முறை 60 கிலோமீட்டர்.

கூட்டினால் 240. பத்தால் வகுத்தால் 24.

சராசரி வேகம் 24 கிலோமீட்டர். கேட்டால் சின்னக் காற்றுபோலத் தோன்றும். ஆனால் வாழை 24-ஐக் கண்டு சாயவில்லை. 60-ஐக் கண்டு சாய்ந்தது.

இன்னொரு விஷயமும் உண்டு. காற்றின் வேகம் இரண்டு மடங்கு ஆனால், அது தள்ளும் பலம் நான்கு மடங்கு ஆகும். வேகம் மூன்று மடங்கு ஆனால் பலம் ஒன்பது மடங்கு. 20 கிலோமீட்டர் காற்றுக்கு அசையாமல் நிற்கும் வாழை, 60 கிலோமீட்டர் வீச்சில் ஒன்பது மடங்கு தள்ளலைத் தாங்க வேண்டும். முட்டுக் கொடுக்காத வாழை எப்படித் தாங்கும்?

அதனால்தான் வானிலைத் துறையினர் சராசரியை மட்டும் பார்ப்பதில்லை. மூன்று நொடி வீச்சையும் பார்க்கிறார்கள். கட்டடம் கட்டுவோருக்கு இந்தியத் தர நிறுவனம் ஒரு விதிநூல் வைத்திருக்கிறது. எந்த ஊரில் எவ்வளவு காற்று வரும் என்று அதில் எழுதியிருக்கிறது. திருவனந்தபுரத்துக்கு நொடிக்கு 39 மீட்டர். அதாவது மணிக்கு சுமார் 140 கிலோமீட்டர். சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர். அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். இது தினமும் வீசும் காற்று அல்ல. திறந்த வெளியில், தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், நெடுங்காலத்தில் ஒருமுறை வரக்கூடிய மூன்று நொடி வீச்சு. அதைத் தாங்கும்படி கட்ட வேண்டும் என்பதே விதி.

விதியை மறந்தால் என்ன ஆகும்? 2024 மே 13-ஆம் நாள் மும்பையில் காட்கோபர் என்ற இடத்தில் புழுதிக் காற்று வந்தது. ஒரு பெரிய விளம்பரப் பலகை பெட்ரோல் பங்கின் மேல் விழுந்தது. 17 பேர் இறந்தார்கள். அங்கே 40 அடிக்கு 40 அடிதான் பலகை வைக்கலாம். விழுந்த பலகை 120 அடிக்கு 120 அடி.

"அப்படியானால் மரம் மட்டும் எதிரி இல்லை" என்றார் அக்கா.

"ஆமாம். பலவீனமாக நிற்பது எதுவானாலும் ஆபத்துதான்" என்றார் டீச்சர்.

3. காற்று எங்கே வேகம் எடுக்கும்?

நெய்யாற்றில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் பாறை இருந்தால் தண்ணீர் இரண்டு பக்கமும் பிரியும். பாறையின் ஓரத்தில் வேகமாக ஓடும். பாறைக்குப் பின்னால் சுழி விழும். இரண்டு பாறைகளுக்கு நடுவே இடுக்கு இருந்தால் அங்கே பாய்ச்சல் அதிகம்.

காற்றும் அப்படித்தான். காற்றுக்குப் பாறை என்பது வீடு, மதில், மாடிக் கட்டடம், மலை.

நாகர்கோவிலைத் தாண்டி ரயிலில் திருநெல்வேலிக்குப் போனவர்கள் ஆரல்வாய்மொழியைப் பார்த்திருப்பார்கள். இரண்டு பக்கமும் மலை. நடுவில் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடுக்கில் புகுந்து வேகம் எடுக்கிறது. அதனால்தான் அங்கும் முப்பந்தலிலும் இத்தனை காற்றாலைகள் சுற்றுகின்றன.

மலை செய்யும் வேலையைக் கட்டடமும் செய்யும். இங்கிலாந்தில் லீட்ஸ் என்று ஒரு நகரம். அங்கே 32 மாடிக் கட்டடம் ஒன்று எழுந்தது. மேலே மோதிய காற்று கீழே இறங்கியது. கட்டடத்தின் மூலையில் பலத்த வீச்சாக அடித்தது. 2011-ஆம் ஆண்டு அந்த வீச்சில் ஒரு லாரி கவிழ்ந்தது. ரோட்டில் நடந்து போனவர் ஒருவர் இறந்தார்.

இப்போது லண்டன் மாநகரத்தில் உயர்ந்த கட்டடம் கட்டுமுன் காற்றுச் சோதனை செய்து காட்ட வேண்டும். கீழே நடப்பவருக்கு என்ன ஆகும் என்று முன்பே கணக்குப் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கில் உள்ள சில அளவுகள் இவை. மணிக்கு சுமார் 14 கிலோமீட்டர் வரை உட்கார்ந்து பேசலாம். சுமார் 22 வரை நின்று பேருந்துக்குக் காத்திருக்கலாம். சுமார் 29 வரை நடக்கலாம். அதற்கு மேல் அடிக்கடி வீசும் இடம் மனிதர் இருக்கத் தகுந்த இடம் அல்ல.

நம் ஊரில் 32 மாடி இல்லை. ஆனால் நெய்யாற்றின்கரையிலும் பாறசாலையிலும் சாலை ஓரங்களில் மாடிக் கடைகள் எழுகின்றன. எங்கே இடுக்கு, எங்கே மூலை என்று பார்த்து வைப்பது நல்லது.

4. வெயில் வேறு, வெக்கை வேறு

அடுத்த நாள் மாலை அக்கா ஒரு கேள்வி கொண்டு வந்தார்.

"டீச்சரே, ரேடியோவில் 33 டிகிரி என்கிறார்கள். மதுரையில் 38 என்கிறார்கள். ஆனால் மதுரையிலிருந்து வந்த என் மைனி, இங்கேதான் புழுக்கம் தாங்கவில்லை என்கிறாள். அது எப்படி?"

நல்ல கேள்வி. உடம்பு உணரும் வெப்பம் நான்கு பொருள்களால் ஆனது.

ஒன்று, காற்றின் சூடு. ரேடியோ சொல்வது இதை மட்டும்தான்.

இரண்டு, காற்றில் உள்ள ஈரம். நம் உடம்பு வியர்வையால் குளிர்கிறது. வியர்வை காய்ந்தால்தான் குளிர்ச்சி. மழை நாளில் கொடியில் துணி காயாது. காற்றில் ஈரம் அதிகம். அதுபோல ஈரமான நாளில் வியர்வையும் காயாது. கடலோர ஊர்களில் இந்தத் தொல்லை அதிகம். அமெரிக்க வானிலைத் துறையின் அட்டவணை ஒன்று உண்டு. காற்றின் சூடு 32 டிகிரி, ஈரம் நூற்றுக்கு 70 என்றால், உடம்புக்கு அது சுமார் 41 டிகிரி போல இருக்கும். இது நிழலில் உள்ள கணக்கு. நேர் வெயிலில் நின்றால் இன்னும் 8 டிகிரி வரை கூடலாம்.

மூன்று, காற்றோட்டம். விசிறி சுற்றினால் வியர்வை சீக்கிரம் காயும். மதிலால் அடைபட்ட இடத்தில் காயாது.

நான்கு, சுடும் ஒளி. சூரியன் மேலிருந்து சுடும். தார் ரோடு கீழிருந்து சுடும். சுவர் பக்கத்திலிருந்து சுடும். தகரக் கூரை தலைக்கு மேல் அடுப்புபோல் சுடும்.

இங்கே ஒரு வியப்பு இருக்கிறது. மரத்தடியிலும் வெயிலிலும் காற்றின் சூட்டை அளந்தால் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனால் மரத்தடியில் நிற்பவருக்கு எவ்வளவு சுகம்! காரணம், மரம் சுடும் ஒளியைத் தடுக்கிறது. ரோட்டையும் சூடாகாமல் காக்கிறது. இலைகள் தண்ணீரை ஆவியாக விடுவதால் இலை அதிகம் சுடுவதில்லை. தகரமும் நிழல் தரும். ஆனால் தகரம் தானே சுட்டு, கீழே இருப்பவரையும் சுடும். இரண்டும் நிழல்தான். இரண்டும் ஒன்றல்ல.

நம் முன்னோருக்கு இது தெரிந்திருந்தது. தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தவர்கள் அறிவார்கள். சாய்ந்த ஓட்டுக்கூரை. நடுவில் முற்றம். மரச் சட்டங்கள் வைத்த சாளரம். வெயில் வராது. காற்று வரும்.

வெக்கையை விளையாட்டாக எண்ணக்கூடாது. 2010 மே மாதம் அகமதாபாத் நகரில் கடும் வெயில் அடித்தது. வழக்கமான மே மாதங்களைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று ஆய்வில் தெரிந்தது. அதன் பிறகு 2013-ஆம் ஆண்டு அந்த நகரம் வெயில் காலத்துக்கென்று ஒரு திட்டம் வகுத்தது. முன்னெச்சரிக்கை, குடிதண்ணீர், மருத்துவமனை ஏற்பாடு எல்லாம் அதில் உண்டு.

கேரளத்தில் மழை அதிகம், வெயில் நம்மை ஒன்றும் செய்யாது என்று பலர் நினைத்தார்கள். 2019 மார்ச்சில் அந்த எண்ணம் மாறியது. பாறசாலை அருகே ஒருவர் வயலில் இறந்து கிடந்தார். வெயில் தாக்கியிருக்கலாம் என்று சந்தேகம் எழுந்தது. அந்த ஆண்டும் 2024-ஆம் ஆண்டும் கேரளத் தொழில் துறை ஓர் ஆணை போட்டது. வெயில் காலத்தில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கக்கூடாது என்பது அந்த ஆணை. காலை 7 முதல் மாலை 7 வரைக்குள் எட்டு மணி நேர வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஆணை கூலி வேலைக்காரருக்கு உதவும். ஆனால் சொந்தமாக மீன் விற்பவருக்கு யார் ஓய்வு கொடுப்பார்? அவருக்கு நிழல்தான் ஓய்வு.

5. சின்ன மாதிரி, பெரிய உண்மை

பாட்டா மறுபடியும் கேட்டார். "மரத்தை வெட்டிப் பார்த்தால்தானே தெரியும், வெயில் எவ்வளவு என்று? வெட்டிய பிறகு தெரிந்து என்ன பயன்?"

"வெட்டாமலே தெரிந்துகொள்ள வழி உண்டு பாட்டா. அதற்குப் பெயர் மாதிரி" என்றார் டீச்சர்.

தச்சர் பெரிய கதவு செய்யுமுன் சின்னதாக ஒன்று செய்து காட்டுவார். அறிஞர்களும் அப்படியே செய்கிறார்கள். சென்னை தரமணியில் கட்டுமானப் பொறியியல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே ஒரு நீண்ட கூடம். பெயர் காற்றுச் சுரங்கம். பெரிய விசிறியால் அதில் காற்றை ஓட விடுவார்கள். கட்டடத்தின் சின்ன உருவத்தை நடுவில் வைப்பார்கள். எங்கே எவ்வளவு தள்ளுகிறது என்று கருவிகள் சொல்லும்.

இன்னொரு வழி கம்ப்யூட்டர் கணக்கு. இதைப் புரிந்துகொள்ள வயலை நினைத்துப் பாருங்கள். படிப்படியாக வயல்கள். மேல் வயலின் மடையிலிருந்து கீழ் வயலுக்குத் தண்ணீர் வரும். ஒவ்வொரு வயலிலும் வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, நின்றது எவ்வளவு என்று கணக்குப் பார்க்கலாம். கம்ப்யூட்டர் ஒரு தெருவில் உள்ள காற்றைச் சின்னச் சின்னப் பெட்டிகளாகப் பிரிக்கிறது. லட்சக்கணக்கான பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்கும் வந்த காற்று, போன காற்று, வந்த சூடு, போன சூடு என்று கணக்குப் போடுகிறது. பிறகு மரத்தை எடுத்துவிட்டு மறுபடியும் கணக்குப் போடுகிறது. இரண்டு விடையையும் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும்.

மாதிரியும் தவறலாம். அதனால் அதே இடத்தில் அளந்தும் பார்க்க வேண்டும். கணக்கும் அளவும் ஒத்துப்போனால்தான் நம்பலாம்.

மையத்தில் கம்ப்யூட்டர் கணக்குக்கு வழியில்லை. ஆனால் மேசை விசிறி இருந்தது. தீப்பெட்டிகள் இருந்தன. டார்ச் இருந்தது.

மேசையில் ரோட்டைச் சாக்பீஸால் வரைந்தார்கள். தீப்பெட்டிகளைக் கடைகளாக வைத்தார்கள். ஒரு வேப்பங்கொப்பு மாமரம் ஆனது. மூன்று பக்கமும் அடைத்த ஓர் அட்டைப் பெட்டி நிழற்குடை ஆனது. மேசை முழுவதும் உமியைத் தூவினார்கள். பிறகு விசிறியை மெல்லச் சுற்ற விட்டார்கள்.

முதலில் எங்கே உமி பறந்தது? இரண்டு தீப்பெட்டிகளுக்கு நடுவே இருந்த இடுக்கில். அடுத்து, பெட்டிகளின் மூலையில். நிழற்குடைக்குள் இருந்த உமி அசையவே இல்லை.

"பார்த்தீர்களா! உள்ளே காற்றே இல்லை. தகரம் மேலே, சுவர் மூன்று பக்கம். அது நிழற்குடை இல்லை, அவியல் பானை" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு விளக்கை அணைத்து டார்ச்சைச் சூரியனாகப் பிடித்தார்கள். கிழக்கிலிருந்து மேற்கே நகர்த்தினார்கள். உச்சிப்பொழுதில் மரத்தின் நிழல் மரத்தடியில் விழுந்தது. பிற்பகலில் நிழல் கிழக்குப் பக்கம் நீண்டது.

இந்த ஊர்களில் ஏப்ரல் நடுவில் உச்சிப்பொழுதுச் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். அப்போது சுவர் நிழல் தராது. கூரையோ மரமோதான் நிழல் தரும்.

அண்ணன் வெகு நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "நிழற்குடையை மரத்துக்குக் கிழக்கே, கிளை விழாத தூரத்தில் வைத்தால்? உச்சியில் கூரை நிழல். பிற்பகலில் மர நிழல். மரம் முறிந்தாலும் ஆள் மேல் விழாது."

டீச்சர் சிரித்தார். "அண்ணே, இதைத்தான் பெரிய நகரங்களில் அறிஞர்கள் செய்கிறார்கள்."

6. கிராம சபையில்

ஞாயிற்றுக்கிழமை கிராம சபை கூடியது. வெட்டலாமா, விடலாமா என்று மெம்பர் கேட்டார். அண்ணன் எழுந்தார்.

"வெட்டு, விடு என்று இரண்டு வழிதான் உண்டு என்று நினைத்தோம். மூன்றாவது வழியும் உண்டு" என்றார்.

அவர்கள் நான்கு கோரிக்கை வைத்தார்கள்.

ஒன்று: மரத்தை வனத்துறையைக் கொண்டு சோதிக்க வேண்டும். அடிமரத்தில் பொந்து இருக்கிறதா, வேர் அறுபட்டிருக்கிறதா, பட்ட கிளை உண்டா என்று பார்க்க வேண்டும். மரம் உள்ளே கெட்டிருந்தால் வெட்டத்தான் வேண்டும். நன்றாக இருந்தால் பட்ட கிளைகளை மட்டும் மழைக்கு முன் நீக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் மொட்டையடித்தால் மரம் மறுபக்கம் சாயும்.

இரண்டு: மரத்தைச் சுற்றிக் கான்கிரீட் போடக்கூடாது. வேருக்கு மண்ணும் தண்ணீரும் வேண்டும். வேர் பலமாக இருந்தால்தான் மரம் காற்றைத் தாங்கும்.

மூன்று: நிழற்குடையை மரத்தின் கிழக்கே கட்ட வேண்டும். இரண்டு பக்கமாவது திறந்திருக்க வேண்டும். ஓட்டுக்கூரை நல்லது. தகரம்தான் என்றால் வெள்ளை அடித்து, உயர்த்திக் கட்டி, கொக்கி போல்ட் போட்டு இறுக்க வேண்டும். காற்று கூரையைக் கீழே தள்ளுவதைவிட மேலே தூக்குவதே அதிகம்.

நான்கு: இப்போதே இரண்டு கன்று நட வேண்டும். பழைய மரம் போகும் நாளில் புதிய நிழல் இருக்க வேண்டும்.

கேள்விகள் எழுந்தன. பணம் எங்கே என்று ஒருவர் கேட்டார். சுவர் குறைந்தால் செலவும் குறையும் என்றார் பாட்டா. கடைசியில் கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுதினார்கள்.

பதிவேடு சுற்றி வந்தது. பலர் கையெழுத்துப் போட்டார்கள். மீன்கார அக்காவின் முறை வந்தது. போன ஆண்டுவரை அவர் பெருவிரலை நீட்டுவார். இன்று பேனாவை வாங்கினார். தமிழில் தன் பெயரை முழுவதும் எழுதினார்.

பிறகு சருவத்தை எடுத்துக்கொண்டு மாமரத்தடிக்குப் போனார்.

காற்றைக் கண்ணால் அளக்கலாம்

கருவி இல்லாமலும் காற்றின் வேகத்தை அறியலாம். கீழே உள்ளது மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு.

6 முதல் 11 வரை: முகத்தில் காற்று படும். இலை சலசலக்கும்.
12 முதல் 19 வரை: இலைகளும் சிறு கொப்புகளும் ஓயாமல் ஆடும். கொடி விரியும்.
20 முதல் 28 வரை: புழுதியும் காகிதமும் பறக்கும்.
29 முதல் 38 வரை: சிறு மரங்கள் ஆடும்.
39 முதல் 49 வரை: பெரிய கிளைகள் ஆடும். குடை பிடிப்பது கஷ்டம்.
50 முதல் 61 வரை: முழு மரமும் ஆடும். எதிர்த்து நடப்பது கஷ்டம். மரத்தடியை விட்டு விலகுங்கள்.
62-க்கு மேல்: கொப்புகள் முறியும். வெளியே போகாதீர்கள்.

இடி மின்னலின்போது எந்த மரத்தடியிலும் நிற்கக்கூடாது.

வெயில் தாக்கினால்

தலைவலி, தலைசுற்றல், வாந்தி, தசைப்பிடிப்பு வந்தால் உடனே நிழலுக்குப் போங்கள். தண்ணீர், கஞ்சித் தண்ணீர், உப்பிட்ட மோர் குடியுங்கள்.

உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் அல்லது நினைவு தப்பினால் அது உயிருக்கு ஆபத்து. 108-க்கு போன் செய்யுங்கள். வண்டி வரும்வரை சும்மா இருக்காதீர்கள். நிழலில் படுக்க வையுங்கள். உடையைத் தளர்த்துங்கள். உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

சொற்களும் பொருளும்

சராசரி – எல்லாவற்றையும் கூட்டி எண்ணிக்கையால் வகுத்தால் வருவது
வீச்சு – சில நொடிகள் மட்டும் வேகமாக அடிக்கும் காற்று
கணவாய் – இரண்டு மலைகளுக்கு நடுவே உள்ள வழி
மாதிரி – பெரிய ஒன்றை அறிய உதவும் சின்ன உருவம் அல்லது கணக்கு

விடை சொல்லுங்கள்

1. 8 முறை அளந்தபோது காற்று மணிக்கு 15 கிலோமீட்டர். 2 முறை 45 கிலோமீட்டர். சராசரி என்ன? 45 கிலோமீட்டர் வீச்சின் பலம் 15-ஐப்போல் எத்தனை மடங்கு?
2. தகரத்தின் நிழலும் மரத்தின் நிழலும் ஏன் ஒன்றல்ல?
3. நிழற்குடைக்குள் உமி ஏன் அசையவில்லை?
4. அண்ணன் முதலில் என்ன சொன்னார்? பிறகு என்ன சொன்னார்? ஏன் மாற்றினார்?

செய்து பாருங்கள்

உங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்துக்குப் பகல் 12 மணிக்கும் 3 மணிக்கும் போங்கள். நிழல் எங்கே விழுகிறது? காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? வயதானவர் எங்கே உட்காருகிறார்? ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளோடு அடுத்த கிராம சபைக்குப் போங்கள்.